ஹெல்மெட்டைக் கழற்றும் இடம்

ஒரு மனிதன் யார் என்பது அவன் ஹெல்மெட்டை எங்கே கழற்றுகிறான் என்பதில் தெரிந்துவிடும் என்று இசக்கிராஜ் ஒரு வருடமாக ஆபீஸ் கேன்டீனில் சொல்லிவந்தான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போன வருடப் போட்டியில், ஸ்டோர்ஸ் பிரிவு ஞானப்பிரகாசம் அண்ணாச்சி சைக்கிளை விட்டு இறங்கி, ஹெல்மெட்டோடேயே ஐந்து கிலோமீட்டரும் ஓடிவிட்டார். கேட்டதற்கு, "வெயிலுக்குத்தாம்டே போட்டேன்" என்றார். அன்றைக்கு மழை. அவர் குரலிலேயே அதைச் சொல்லிக்காட்டி இசக்கிராஜ் எத்தனையோ ஓசி டீ குடித்திருக்கிறான்.

இந்த வருடம் அவனே இறங்கினான். குளத்தில் பாதியைக் குடித்தான். சைக்கிள் முழுக்க எதிர்க்காற்று. ஓட்டத்தில் நாலாவது கிலோமீட்டர் வந்தபோது கால்கள் யாரிடமோ இரவல் வாங்கியவை போலிருந்தன. தலை ஏனோ அதைவிடக் கனத்தது. முட்டிவலியால் இந்த முறை ஓடாத அண்ணாச்சி, தண்ணீர் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் நீட்டிய டம்ளரை வாங்கித் தலையில் கவிழ்த்தான். தண்ணீர் எதன் மீதோ படபடத்துக் காதோரமாக வழிந்தது.

கை மெதுவாக மேலே போய்த் தடவிப் பார்த்தது.

வழியில் எதையும் வீசினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாமென்றால், முடிவுக்கோட்டில் மொத்த ஆபீஸும் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"என்னடே, தலையில?" என்றார் அண்ணாச்சி.

"வெயிலு, அண்ணாச்சி."

அவர் வானத்தைப் பார்த்தார். தூறல் தொடங்கியிருந்தது.

"ஆமாமா, சுள்ளுன்னுல்லா அடிக்கி."

இசக்கிராஜ் தாடை வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு ஓடினான்.