மஞ்சக்கரு

ஊட்டச்சத்து முகாமில் அப்புசாமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சௌந்திரம் பொரிந்து தள்ளினாள்.

"ஏனுங்க, மஞ்சக்கருவே ஆகாதுன்னாங்க. இப்ப முழு முட்டையும் தின்னுங்கறாங்க. எம் மருமக முழுகாம இருக்கறா. யாரை நம்பறதுங்க?"

"நானுந்தான் வெள்ளைக்கருவ மட்டும் தின்னுக்கிட்டு இருந்தேனுங்க, ஏமாளியாட்ட" என்றார் அப்புசாமி.

"எந்தப் புண்ணியவான் சொன்னது?"

அதற்குள் மேடையிலிருந்து அழைப்பு வந்தது. "அடுத்ததாக, நம் டாக்டர் அப்புசாமி பேசுவார்."

அப்புசாமி அசட்டுச் சிரிப்போடு எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார்.

"அந்தப் புண்ணியவான் நாந்தானுங்க. அன்னைக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். அது தப்புன்னு இப்பத் தெரியுது. கர்ப்பிணிங்க நல்லா வேகவெச்சு முழுசாச் சாப்பிடுங்க."

கூட்டம் சிரித்தது. இனி யார் தன்னை மதிப்பார்கள் என்று கூனிக்குறுகி இறங்கியவரின் காதில் சௌந்திரம் செல்போனில் பேசுவது விழுந்தது.

"முழுசாத் தின்னு கண்ணு. தப்புன்னு டாக்டரே ஒத்துக்கிட்டாரு. இனி அவரை நம்பலாம்."