தண்ணீர்ப் பந்தலின் விசுவாசி

சித்திரை வெயிலுக்காகப் பஸ் ஸ்டாண்டு எதிரே கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். திறப்பு விழாவன்று மோரையும் தர்பூசணியையும் ஊரே காலி செய்தது. மறுநாள் பந்தலில் மிஞ்சியது மூன்று பேர்: தலைவர் படம் போட்ட பேனர், மண்பானை, சங்கிலி போட்டு மூங்கிலில் கட்டிய எவர்சில்வர் டம்ளர். பானையை நிரப்ப யாரும் வரவில்லை.

"வர்றவங்க எல்லாம் என் மூஞ்சியைப் பார்த்து ஏதோ சொல்லிட்டுப் போறாங்க" என்று பேனர் பூரித்தது.

"எனக்கு நல்லாவே கேக்குது. உனக்குக் கேக்காத வரைக்கும் நல்லது" என்றது காலிப் பானை.

ஐந்தாம் நாள் பக்கத்தில் ஒரு நுங்கு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் பேனரை அவிழ்த்துக் கூரையாகக் கட்டினார். பானையைக் கழுவிப் பதநீர் ஊற்றினார். ஜனங்கள் நிழலில் நின்று நுங்கை உறிஞ்சினார்கள்.

"இப்படிக் கட்சி மாறிட்டீங்களே, வெக்கமா இல்லையா?" என்று டம்ளர் கத்தியது.

"வயிறு ரொம்பியிருக்கு. அப்புறமா வெக்கப்படுறேன்" என்றது பானை.

சாயங்காலம் வட்டச் செயலாளர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். வெறும் பந்தலைப் பார்த்துவிட்டு டம்ளரைத் தட்டிக்கொடுத்தார்.

"எல்லாரும் ஓடிட்டாங்க. நீ ஒருத்தன்தான்யா உண்மையான தொண்டன்."

டம்ளருக்குக் கண் கலங்கியது.

அவர் நேராக நுங்கு வண்டிக்குப் போய், தலைவரின் நிழலிலேயே நின்றுகொண்டு, "பதநீர் ஒண்ணு குடுப்பா, ஜில்லுனு" என்றார்.

டம்ளரும் பின்னாலேயே ஓடப் பார்த்தது. சங்கிலி விடவில்லை.