பதிமூன்று அடி

“கார் நிறுத்துற தளம் பதிமூணு அடி நீளத்துக்கு மேல இருக்கக் கூடாதும்மா. புகார் வந்திருக்கு” என்றார் நகராட்சி இன்ஸ்பெக்டர்.

“எந்தப் பய எழுதிப் போட்டான்?” ஜன்னலுக்குள்ளிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

“அவருக்குக் கால் உடைஞ்சு கூடியாச்சு சார். டாக்டர் நடக்கச் சொல்லியும் ஆறு மாசமா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கிறார்” என்றாள் மனைவி.

மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் இன்ஸ்பெக்டர் ஒற்றையாளாக டேப்பை இழுத்தார். “பதினாலரை. இடிக்கணும்.”

“டேப் தொய்ஞ்சு கிடக்கு, அளக்கிறாராம்!” ஜன்னலிலிருந்து மறுபடியும் கத்தல்.

சுவரைப் பிடித்துப் படியிறங்கி வந்த வீட்டுக்காரர், டேப்பைப் பிடுங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தே அளந்தார். “பதிமூணுதான்!”

இன்ஸ்பெக்டர் அசடு வழிந்தார்.

மனைவி கண்ணைத் துடைத்தபடி கிசுகிசுத்தாள். “புகார் எழுதினது நான்தான் சார். நாளைக்கும் வந்து இப்படியே தப்பா அளங்களேன்.”