வாகை மரத்துப் பாட்டு

சூறைக்காற்றில் தன் இணையைப் பிரிந்த மைனா ஒன்று, பேருந்து நிலையத்து வாகை மரத்துக்கு வந்து சேர்ந்தது. தினமும் உச்சிக்கிளையில் நின்று இணையைக் கூவி அழைக்கும்.

அந்த மரத்து மைனாக்களோ கீழே டீக்கடையில் ஒலிக்கும் புதுப்படப் பாட்டைத்தான் பாடும்.

"இங்கே யாரும் இப்படிக் கத்துறதில்லை. நம்ம பாட்டைக் கத்துக்கோ, பக்கத்துல இடம் தர்றோம்" என்றது குண்டு மைனா ஒன்று.

தனியாக இருக்கப் பயந்து மைனாவும் கற்றுக்கொண்டது. பனிக்காலத்தில் அந்த நெருக்கம் இதமாக இருந்தது. இணையைக் கூவுவது மெல்ல நின்றுபோனது.

ஒருநாள் மாலை, வானத்தில் உயரே பழகிய குரல் கேட்டது. இணைதான்! மைனா துள்ளி எழுந்து பதில் கொடுத்தது. வாயிலிருந்து வந்தது டீக்கடைப் பாட்டு. தொண்டை வலிக்க மறுபடி முயன்றது. மறுபடியும் அதே பாட்டு.

இணை மரத்தை ஒருமுறை சுற்றியது. கிளையெல்லாம் ஒரே மாதிரி மைனாக்கள், ஒரே பாட்டு. "இங்கேயும் இல்லையா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தெற்கே போய்விட்டது.

மைனா பின்னாலேயே பறந்தது. இருட்டியதும் இணை போன வழி தெரியாமல் மரத்துக்கே திரும்பி வந்தது.

"இன்னைக்கு உருகி உருகிப் பாடினே!" என்று நகர்ந்து இடம் கொடுத்தது குண்டு மைனா.