சிவப்பு வட்டம்

ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு டாலர், நாற்பது சென்ட். வெர்னீஸ் ஆஸ்பத்திரிக்கு வைத்திருந்த பாக்கி.

கெளுத்தி மீன் ஆலையின் தோலுரிக்கும் மெஷின் அவள் வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. கூலியாளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்றது ஆலை. பழைய பாக்கி தீராமல் அடுத்த ஆபரேஷன் கிடையாது என்றது ஆஸ்பத்திரி. இரண்டு பேருமாகப் பேசி முடிப்பதற்குள் கைக்கட்டிலிருந்து வாடை கிளம்பிவிட்டது. சீழ் கட்டைவிரல் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

அதனால் சனிக்கிழமைதோறும் சர்ச்சுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, மீன் பொரித்துத் தட்டு விற்றார்கள். தட்டு மூன்று டாலர். மீன், இரண்டு சோள உருண்டை, ஒரு துண்டு ரொட்டி. தங்கள் கையிலும் காசில்லாத ஜனங்கள்தான் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இன்றைக்கு இன்னும் நாலு தட்டு விற்றால் கடன் அடைந்துவிடும். அந்த நேரம் பார்த்து மீன் தீர்ந்தது.

தொழிற்சங்கத்து லின்வுட் தன் லாரியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் காலடியில் இறக்கினான். பனிக்கட்டி உருகி ஓரத்தில் தண்ணீர் வடிந்தது.

மூடியில் சிவப்புக் கிரேயானில் ஒரு வட்டம். ஒரு பக்கம் சப்பையான வட்டம். அப்படி வட்டம் போடுகிற கை ஆலையில் ஒன்றுதான் இருந்தது.

வெர்னீஸ் அந்த வட்டத்தை வெகு நேரம் பார்த்தாள்.

"எங்கேர்ந்துடா வந்துச்சு இது?"

லின்வுட் சங்கத்துக் கறுப்புத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஆலையே குடுத்துச்சுக்கா. ஃப்ரீசர்ல கெடந்த பெட்டி. அவனுங்க மீனு, அவனுங்களால வந்த கடனு. நமக்கென்ன நஷ்டம்?"

"சும்மாவா குடுத்தானுங்க?"

அவன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துப் பேசினான். "திங்கட்கிழமை ஆலை மறியல மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாங்க."

சங்கத்துக்காக ஜாக்சன் ஜெயிலில் இரண்டு பல்லைக் கொடுத்துவிட்டு வந்தவன் இவன். போன வாரம் இதே லாரி மேல் ஏறி நின்று, கறுப்பு ரத்தத்துக்கு விலை பேச எவனுக்கும் உரிமையில்லை என்று தொண்டை கிழியக் கத்தினான். கூட்டம் முழுக்க முஷ்டியை உயர்த்தியது. வெர்னீஸும் கட்டோடு கையைத் தூக்கினாள். முஷ்டி மூடவில்லை. ஆனாலும் தூக்கினாள்.

இப்போது அந்த வாயிலிருந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதற்குக் கட்டின் வாடையே தேவலை.

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "இது விக்கிறதுக்கில்ல."

"அக்கா, நாலே நாலு தட்டு. உங்க கைக்குத்தானே?"

"என் கையப் பத்தி நீ பேசாத. மறியலயே வித்தவன், தொப்பியையும் வித்துடு. நல்ல விலைக்குப் போகும்."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். லின்வுட் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஆலை மேஸ்திரி லெட்பெட்டரின் வண்டி புழுதியோடு வந்து நின்றது.

விரல் போன அன்று டாக்டர் முதலில் கேட்டது, விரல்கள் எங்கே என்றுதான். கொண்டுவந்திருந்தால் தைத்திருக்கலாமாம். அவள் அதற்கு முன்பே, ஈரத்தரையில் கிடந்தபடி, மெஷினை நிறுத்தித் தேடுங்கள் என்று அலறியிருந்தாள். லாரி காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி லெட்பெட்டர் மெஷினை நிறுத்தவில்லை. இன்னொருத்தியை அவள் இடத்தில் நிற்க வைத்தான்.

"நாலு தட்டு போடு வெர்னீஸ்," என்றான் அவன். வண்டிக் கண்ணாடியை முழுதாகக்கூட இறக்கவில்லை. "ஒண்ணு எனக்கு. மத்தது பெரிய முதலாளிக்கும் ஆபீஸ் ஆளுங்களுக்கும். பாத்தியா, நாங்க ஒண்ணும் உன்ன மறக்கல."

வெர்னீஸ் எழுந்தாள்.

லின்வுட்டுக்குப் போன உயிர் வந்தது. அவன் கரண்டியை நீட்டினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். பெட்டியை அவளே திறந்தாள். உள்ளே பார்க்கவில்லை. முகத்தை எண்ணெய்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கையை அடிவரை விட்டு, வந்ததை வந்தபடி அள்ளினாள். சோளமாவில் நன்றாகப் புரட்டினாள். சட்டி சீறியது.

நாலு தட்டிலும் இரண்டு இரண்டு துண்டு கூடவே வைத்தாள்.

லெட்பெட்டர் வண்டியில் உட்கார்ந்தபடியே தின்றான். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினான்.

"உன் கைப்பக்குவம் போகல," என்று சொல்லி இருபது டாலரை நீட்டினான். "மீதிய வச்சுக்கோ."

வண்டி போனது. லின்வுட் டப்பாவில் இருந்த காசை எண்ணிவிட்டு, "தீந்துச்சுக்கா! ஒரு சென்ட் பாக்கி இல்ல!" என்று கத்தினான். ஜனங்கள் கை தட்டினார்கள். இன்னொரு தட்டு மீன் கேட்டு ஒரு ஆள் பெட்டிப் பக்கம் வந்தான்.

"அத தொடாத," என்றாள் வெர்னீஸ். மிச்சத்தைப் பெட்டியிலிருந்து அப்படியே நெருப்பில் கொட்டினாள்.

ஆலையில் பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. காலிப் பெட்டியை மெஷினுக்கடியில் வைக்கும்போது மூடியில் ஒரு வட்டம் போடவேண்டும். பெட்டி நிறைந்ததும் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. வெர்னீஸ் வட்டம் போட்டுவிட்டுக் குறி போடாமல் விட்ட பெட்டி, இத்தனை வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான்: விரல் போன அன்று வைத்த பெட்டி.

அவள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். இடது கை இன்னும் பழகவில்லை. கோடு கோணிக்கொண்டு போனது.

சப்பை வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டுவிட்டு, மூடியையும் நெருப்பில் எறிந்தாள்.