ரெத்தினத்தின் பிரதட்சணம்

"என்னங்க ரெத்தினம், இது ரைஸ்மில்லா, கோயிலா?"

மன்னார்குடிக்கு வெளியே இருக்கும் அந்த ஆலைக்குச் சூப்பர்வைசராக வந்த பத்தாவது நாளே ஜீவிதாவுக்குப் பொறுமை போய்விட்டது.

போகாதா பின்னே? ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் அரிசி மூட்டைகளைத் தூக்கிக் கொண்டுவந்து லாரியில் வைப்பார் ரெத்தினம். அதுவரை சரி. அந்த வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் மட்டும் இறங்கி, அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். ஒவ்வொரு தடவையும்! குடோனில் அதற்கு 'ரெத்தினம் பிரதட்சணம்' என்றே பெயர்.

"பக்தி இருக்க வேண்டியதுதாங்க. அதுக்காக வேலை நேரத்துலயா?"

"பக்தி இல்லீங்க மேடம். போன வருசம்..."

"கதையெல்லாம் வேணாம். கண்ணாடி இருக்கு, ஹாரன் இருக்கு. வாசல்ல நாலு லாரி நிக்குது!"

"சரிங்க மேடம்" என்று தலையைச் சொறிந்தார். அடுத்த நடைக்கும் இறங்கிச் சுற்றினார்.

குடோன் கூட்டும் அம்சவல்லி, ஒரு காலை இழுத்து நடந்தபடியே வாய்க்குள் சிரித்தாள். அது வேறு எரிச்சல்.

மதியம் மெமோ தயார். 'வண்டியைச் சுற்றி வந்து நேரத்தை வீணாக்கக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்.'

அதை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனாள் ஜீவிதா. ரெத்தினம் லாரியில் மூட்டைகளை வைத்துக்கொண்டிருந்தார். முடியட்டும் என்று ஓரமாக நின்றாள். ராட்சத ஃபேன் சும்மா விடுமா? மெமோ பறந்துபோய், ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரத்தடியில் ஒட்டிக்கொண்டது.

ஓடிப்போய்க் குனிந்து இழுத்தாள். தாள் வந்தால்தானே?

தலைக்கு மேலே இஞ்சின் உறுமியது. நிமிர்ந்து பார்த்தால் வண்டியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஜீவிதா அலறினாள். ஆலைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

உறுமல் அடங்கியது. பக்கத்தில் இரண்டு செருப்புக் கால்கள். சுற்றி வந்தார் ரெத்தினம்.

"அய்யய்யோ, இங்க என்ன மேடம் பண்றீங்க?"

ஜீவிதாவை அம்சவல்லிதான் காலை இழுத்தபடி விரைந்து வந்து தூக்கிவிட்டாள்.

"போன வருசம் நானும் இப்படித்தாம்மா, சிந்துன அரிசியப் பொறுக்கக் குனிஞ்சேன். குனிஞ்சவங்க கண்ணாடில தெரிய மாட்டாங்க. அப்ப ஓட்டுன ஆளு இறங்கிப் பாக்கல."

ரெத்தினம் சக்கரத்தடியிலிருந்து தாளை உருவினார். தூசி தட்டி, நிதானமாகப் படித்து முடித்தார்.

"கையெழுத்து எந்த எடத்துல போடணும் மேடம்?"