சண்டை நேரத்துச் சாப்பாடு

பொழுது சாய்ந்ததும் வாசலில் சண்டை ஆரம்பித்துவிட்டது.

“திருத்தணிய மட்டும் குட்த்துட்டு நம்ம ஊர ஆந்திராவுலயே உட்டுட்டாங்களே! இத்தப் போயி ஒரு எல்லக் கோடுன்னு போட்டுக்கிறாங்கோ!” என்று தாமோதரன் தெருவில் நின்று கத்தினான்.

அடுத்த வீட்டுக் கன்னையா மட்டும் சும்மா இருப்பானா? ஆந்திராவில் இருந்த திருத்தணியை மதராசுக்குத் தூக்கிக் கொடுத்த வயிற்றெரிச்சல் அவனுக்கு. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்து, கோபம் ஏறியதும் மறுபடி தெலுங்குக்கே போனான்.

தாமோதரனின் மனைவி தாட்சாயணி அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் கத்துகிற வரைக்கும் புருஷன் கொல்லைப் பக்கம் வரமாட்டான். அவளுக்கு அது போதும்.

கொல்லை வேலியில் ஒரு சந்து உண்டு. அதன் வழியே அவள் மகன் சிட்டிபாபு கன்னையா வீட்டுக்கு நழுவிக்கொண்டிருந்தான். அவள் பார்த்தும் பாராதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வீட்டில் பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படக்கூடாது என்பது தாமோதரன் போட்ட உத்தரவு. கன்னையாவும் தன் மகள் வகுளாவுக்கு அதையேதான் சொல்லியிருந்தான்.

அந்த உத்தரவுக்குத் தாட்சாயணி கோயில் கட்டிக் கும்பிடாத குறை.

புத்தூரில் அரிசி மில் வந்தாலும் வந்தது, சிட்டிபாபுவுக்கு வெள்ளைச் சோறு தவிர எதுவும் தொண்டையில் இறங்காமல் போயிற்று. கேழ்வரகுக் களியைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வான். கீரையை இலை இலையாகப் பொறுக்கி வட்டிலின் ஓரத்தில் ஒதுக்குவான். தோலோடு வேகவைத்த பயறு நாய்க்குத்தான் போகும்.

வயிறு கல்லாகிவிட்டது. பனைமர மறைவில் உட்கார்ந்து பிள்ளை முக்கி முக்கி அழுவான். தண்ணீர்ச் செம்போடு நிற்கும் அவளும் சேர்ந்து அழுவாள்.

களியும் கீரையும் உள்ளே போகாவிட்டால் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றுவிட்டார் புத்தூர் டாக்டர். கொடுக்க என்ன தடை? அவன் வாயைத் திறக்க வேண்டாமா! கெஞ்சினாள், அடித்தாள், வெல்லம் தடவிப் பார்த்தாள்.

கடைசியில் திருட்டுத்தனமாகப் போன வீட்டில் திறந்தான்.

கன்னையாவின் மனைவி ரத்னம்மா அதே களியை உருட்டி, கடலைத் துவையலோடு வைத்தாளாம். முழு உருண்டையும் உள்ளே போயிற்றாம். தின்னக்கூடாத வீட்டுச் சாப்பாடு ருசிக்காமல் இருக்குமா?

அன்றிலிருந்து இரண்டு பெண்களும் கூட்டு. பிள்ளை இப்போது சிரித்துக்கொண்டே பனைமரத்துக்குப் போய்விட்டு வருகிறான்.

ஆம்பிளைகளுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் வேலிச் சந்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார்கள். தாட்சாயணிக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இதோ, வகுளாவும் வந்து அவள் அடுப்படியில் உட்கார்ந்தாயிற்று. தன் வீட்டில் கீரை வாசனைக்கே எழுந்து ஓடுகிறவள், இங்கே முருங்கைக்கீரையைப் பிசைந்து அள்ளிக்கொண்டிருந்தாள்.

“சீக்கிரம் போடு அத்த. நைனா கத்தி முடிக்கிறதுக்குள்ள துன்னுட்டு ஓடணும்.”

சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் சத்தம் நின்றுவிட்டது.

என்றைக்கும் இவ்வளவு சீக்கிரம் நின்றதில்லை. வகுளா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. தாட்சாயணி பெண்ணைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஓடிப்போய் விறகுக் குவியலின் மறைவில் நின்றுகொண்டாள்.

தாமோதரன் வேலிச் சந்தில் குனிந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ரத்னம்மாவின் அடுப்படி வெளிச்சத்தில், கன்னம் உப்ப எதையோ மென்றபடி சிட்டிபாபு நன்றாகவே தெரிந்தான்.

தொலைந்தது என்று நினைத்தாள் தாட்சாயணி.

வேலிக்கு அந்தப் பக்கம் கன்னையா வந்து குந்தினான். தாமோதரன் குரலைத் தாழ்த்தி, “துன்னானா பாவா?” என்றான்.

“மொத்தம் தின்னேசாடு. கீரயும் காலி. எங்க பாப்பா துன்னுச்சா?”

“பாதிலயே எந்திரிச்சிடுச்சி. வர்றப்ப ஜன்னல்ல பாத்தேன். இன்னிக்கி நாமதான் சீக்கிரம் நிறுத்திட்டோம்.”

“தொண்ட கட்டிக்கிச்சே, இன்னா செய்ய?” என்றான் கன்னையா. “கோடு போட்டு முடிஞ்சி எத்தினி மாசம் ஆவுது. இன்னும் கத்திக்கினு கீறோம்னு ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். ரெண்டு பொம்பளைங்களுக்கும் தெரிஞ்சிதுன்னா ராசியாப் போங்கன்னு சொல்லிடுவாளுங்க. அப்பறம் எவன் துன்னுவான்?”

கன்னையா பீடியை நீட்டினான். தாமோதரன் ஒரே ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பிக் கொடுத்தான்.

தாட்சாயணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பனைமரத்தடியில் அழுதபோதெல்லாம் கயிற்றுக்கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்ட மனுஷன், தூங்கவில்லை போலிருக்கிறது. அவன்மீது அவளுக்கு ஆசை ஆசையாக வந்தது.

அவள் ஓசைப்படாமல் அடுப்படிக்குத் திரும்பினாள். கதவுக்குப் பின்னாலிருந்து வகுளா வெளியே வந்து, ஓடுவதற்குப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வாசலில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

“யோவ் கன்னையா! நாகலாபுரம் யாரோடதுயா? சொல்லிட்டு உள்ள போ!”

வகுளா பாவாடையை இறக்கிவிட்டு, மறுபடி வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.